வெளியே தெரிய வேண்டிய பெயர்கள்

மலேசியாவில் குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாரு போகும் ரயிலில் ஓர் அக்காவும் தங்கையும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கம் தாண்டியதும் தங்கை கைப்பேசியைப் பார்த்துத் துள்ளினாள்.

"அக்கா, எல்லா ஃபங்ஷனும் முடிஞ்சிருச்சு!"

"யாரு வீட்டு ஃபங்ஷன்?"

"ஐயோ, கெர்னல்ல இருக்கிற ஃபங்ஷன்லா. கம்ப்யூட்டரையே ஓட்டுற புரோகிராம். அதுல ஒரு வேலையைச் செய்யுற சின்னத் துண்டுதான் ஃபங்ஷன். அதை வெளியில இருக்கிற புரோகிராமுங்க கூப்பிடணும்னா, 'இவனைக் கூப்பிடலாம்'னு ஒரு வரி எழுதணும். அந்த வரிங்க எல்லாம் ஒரே ஃபைல்ல குவிஞ்சு கிடந்துச்சு. ஒவ்வொண்ணையும் அந்தந்த ஃபங்ஷனுக்குக் கீழ கொண்டு வச்சிட்டேன்."

"இதுக்கா இத்தன நாளா சோறு கூட சரியா சாப்பிடல?"

"ஒண்ணு விட்டுப்போனாலும் எங்கயோ ஒருத்தருக்கு வைஃபை வராதுக்கா. மொதல்ல அப்படித்தான் ஒண்ண விட்டுட்டேன். கெர்னலைப் பார்த்துக்கிறவங்க திருப்பி அனுப்பிட்டாங்க."

"இப்ப?"

"சேர்த்துக்கிட்டாங்களாம்! இப்பதான் மெயில் வந்துச்சு."

அக்கா கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அலமாக்! உன் பேரு போட்டிருக்கு. அப்பா பேரும் சேர்த்தா?"

"மாத்துனவங்க முழுப்பேரு போடணும்லா. இனி அந்தப் பதிவ யாராலயும் அழிக்க முடியாது."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் முன்வரிசைச் சீனப் பாட்டிகூடத் திரும்பிச் சிரித்தார். அக்கா உடனே வீட்டுக்கு அழைத்தாள்.

"அப்பா, உங்க பேரு கம்ப்யூட்டர் உள்ள ஏறிருச்சு! ... இல்லப்பா, போலீஸ் கேஸ் எல்லாம் இல்ல. ... ஐயோ, நல்ல விஷயம்தான்பா, அழாதீங்க!"