மாதாப்பூருக்கு மழை விடுமுறையா?

அவைக்கு அணி சேர்க்கும் தலைவி ரோகிணி அம்மையார் அவர்களே! ரயில்வே பட்டறையில் இரும்பை வளைத்து, இல்லத்தில் எங்களை நிமிர்த்திய பெரியோர்களே! பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொன்னாலும் விடாமல் தமிழிலேயே திட்டும் தாய்மார்களே! வணக்கம்!

இப்படி ஒரு வாக்கெடுப்பு வரும் என்று நான் அன்றே சொன்னேன்! இதே மேடையில் சொன்னேன்! எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்தவன்தான். ஆனாலும் ஹைதராபாத் முழுவதும் எனக்கு வாத்தியார்!

நம் தார்நாகா தமிழ் மன்றம், கல்லூரிப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் வேலை நடக்கும் இடங்களுக்கே அனுப்புகிறது. எதற்கு? வருகிற செய்தியைச் சலித்துப் பார்த்து நம்பப் பழகுவதற்கு! அதை நிறுத்தச் சொல்கிறார்கள் சில பெற்றோர். தொடர்வதா, நிறுத்துவதா? இன்று நீங்கள் கைதூக்கித் தீர்ப்புச் சொல்லப்போகிறீர்கள்.

என்ன வெங்கட்ரமணன்? "பரீட்சைக்கு யார் படிப்பா அண்ணே" என்கிறீர்களா? பொறுங்கள், பரீட்சையைத்தான் சொல்ல வருகிறேன்.

மாதாப்பூர் ஐ.டி. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர் நம் சூசைராஜ். அவர் சமையற்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனவள், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் சுபாஸ்ரீ. ஒருநாள் காலை நம் மன்றத்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "கனமழை. ஐ.டி. அலுவலகங்களுக்கு இன்று விடுமுறை." தமிழில் வந்துவிட்டால் நமக்குப் போதுமே! சூசைராஜ் அடுப்பை அணைக்கப் போனார்.

"அங்கிள், ஏக் மினிட். இது எந்த ஊருக்கு?"

"தமிழ்ல வந்திருக்கு பாப்பா. நம்மாளுங்க பொய் சொல்லுவாங்களா?"

"ஊர் பேரு இல்ல, தேதி இல்ல, யார் சொன்னதுன்னும் இல்ல."

"வானத்தைப் பாரு, கறுத்துக் கிடக்கு. வடிச்ச சோத்த யாரு தலையில கொட்டுறது? நக்கோ, வேணாம்!"

"ஆபீஸ்ல கேட்டுட்டு அணைங்க அங்கிள்."

போன் போட்டு அவளே கேட்டாள். "லீவா? எல்லாரும் வந்தாச்சு, சாப்பாடு எப்போ?" என்றது அலுவலகம்! அனுப்பியவர், அவருக்கு அனுப்பியவர் என்று துருவிக்கொண்டே போனாள். அது சென்னைக்கு வந்த செய்தி. அதுவும் முந்தைய ஆண்டு மழைக்கு!

வகுப்பறையில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். வேலையிடத்தில் தவறான செய்திக்கு அடுப்பே அணையும்! அடுப்பு அணைந்தால் சூசைராஜின் ஒப்பந்தம் என்னாவது? அங்கே அரிசி களையும் பெண்களின் பிழைப்பு என்னாவது? இதைவிடப் பெரிய பரீட்சை எது? எந்தக் கல்லூரி இதற்கு வினாத்தாள் வைத்திருக்கிறது?

அன்று மாலையே அந்த நிறுவனத்து மேலாளர் காரில் வந்து இறங்கினார். "படிப்பு முடிந்ததும் இந்தப் பெண்ணுக்கு எங்களிடம் வேலை" என்று வாக்குக் கொடுத்தார்!

ஆகா, என்ன கைதட்டல்! தொடரட்டும் என்று எத்தனை கைகள்! வெங்கட்ரமணன், உங்கள் கையும் உயர்கிறதே!

என்னம்மா சுபாஸ்ரீ, ஏன் எழுந்து நிற்கிறாய்?

"மாமா, ஜாபெல்லாம் யாரும் குடுக்கல."

சரி, கைகளை இறக்குங்கள். அவள் சொல்வதுதான் உண்மை. மேலாளர் வரவில்லை, காரும் வரவில்லை. சாப்பாடு போனது, சாப்பிட்டார்கள், அவ்வளவே. வேலை என்றது நான் போட்ட தாளிப்பு. அந்த ஆசைக்கு உயர்ந்த கைகள் எனக்கு வேண்டாம்! தனக்கு லாபமான பொய்யைச் சபை நடுவே மறுத்து நிற்கிறாளே, இந்தப் பெண்ணைப் பார்த்துக் கை உயருமா? அது போதும்!

நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன். என் வாய் பக்கத்தில் இல்லாதபோது யோசித்துத் தூக்குங்கள். பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி! வணக்கம்!