மூணு காலும் ஆடக் கூடாது

சவுரிமுத்து: இது வேணாம் சார், எடுத்து உள்ள வைங்க. தொட்டாலே ஆடுது.

தயாளன்: அண்ணா, நம்ம கடையில நல்லா போற ட்ரைபாட் இதான். தாம்பரத்துல பாதி கல்யாண வீடியோ இதுலதான் எடுக்கறாங்க.

சவுரிமுத்து: கல்யாணத்துல பொண்ணு மாப்ள எதிர்க்க நிப்பாங்க. நம்மளுது தூரத்துல கீதே.

ஜான்சி: எவ்ளோ தூரம்னு சொல்லுய்யா. மொட்டையா தூரம்னா அவருக்கு இன்னா தெரியும்?

சவுரிமுத்து: ஒரு... ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கும் சார்.

தயாளன்: அவ்ளோவா? அப்போ கேமராவுக்கு இல்லையா?

சவுரிமுத்து: கேமரா இல்ல. பைனாகுலர் மாதிரி, ஆனா ஒத்தக் கண்ணால பாக்கறது. ஜான்சி, பையிலேர்ந்து எடு.

ஜான்சி: பாத்துப் புடி. பெத்த புள்ளையக் கூட இந்த மனுசன் இப்டித் துணி சுத்தித் தூக்கினு வந்ததில்ல சார்.

தயாளன்: அட, ஸ்பாட்டிங் ஸ்கோப். இத எங்க புடிச்சீங்க?

சவுரிமுத்து: பல்லாவரம் சந்தையில. வெள்ளிக்கெழம ஆனா ஒரு ரவுண்டு வுடுவேன். பழைய மிக்ஸி, ஓட்ட ஃபேனுக்கு நடுவுல அனாதையா கெடந்துது.

தயாளன்: கண்ணாடி சுத்தமா இருக்கே. யோகக்காரர் நீங்க. நீங்களும் பறவை பாக்கறவங்களா? நானும் அந்தப் பைத்தியம்தான். ஞாயித்துக்கிழமையானா கடைய சாத்திட்டுப் பெரும்பாக்கம் ஏரிக்கரையில நிப்பேன்.

சவுரிமுத்து: பறவையா... ஆமா சார். பறவை. பறவைதான்.

ஜான்சி: ம்ம்.

தயாளன்: இத முன்னாடியே சொல்லக் கூடாதா? ஸ்கோப்புக்குக் கணக்கே வேற. பறவையை அறுபது மடங்கு பெருசாக்கிக் காட்டும். கால் ஆடினா அந்த ஆட்டத்தையும் அறுபது மடங்கு காட்டும். இதுவரைக்கும் எதுல வச்சுப் பாத்தீங்க?

ஜான்சி: அந்தக் கூத்த கேளுங்க சார். அதே சந்தையில ஒரு ஸ்டாண்டும் வாங்கினு வந்தாரு. மூச்சு வுட்டா ஆடுது. நான் கண்ண வச்சா பச்சையா ஒரு கோடு இந்தாண்ட ஓடுது, அந்தாண்ட ஓடுது. மொகத்த பாக்கவே முடில.

தயாளன்: முகமா? அலகுன்னு சொல்லுங்கக்கா.

ஜான்சி: அதான்... அலகு.

சவுரிமுத்து: நாளைக்கு காலைல வுட்டா கெடைக்காது சார், அதான் இவ்ளோ அவசரம். நாளான்னிக்கு ஊருக்குப் போயிடும்.

தயாளன்: ஓ, வலசை போற பறவையா. எங்க, சைபீரியாவா?

சவுரிமுத்து: மதுர.

தயாளன்: என்னது?

ஜான்சி: அவரு கெடக்கறாரு. மதுர பக்கமா... போவும்னு ஒரு பேச்சு.

தயாளன்: இத்தன வருஷமா பாக்கறேன், மதுரைக்குன்னு கெளம்பற பறவையக் கேள்விப்பட்டதே இல்ல. கலர் என்ன?

சவுரிமுத்து: எளம்பச்ச சார். கண்ணு கூசற பச்ச. நடுவுல வெள்ளிப் பட்டை மின்னும்.

தயாளன்: பச்சைன்னா பஞ்சுருட்டானா இருக்கலாம். கரண்டு கம்பியில உக்காந்திருக்குமே, அதுவா?

சவுரிமுத்து: உக்கார்றதா? டூட்டில எங்க சார் உக்கார்றது.

தயாளன்: டூட்டியா?

ஜான்சி: எர தேடற நேரத்த அப்டி சொல்றாரு. யோவ், ஒழுங்கா பேசு.

தயாளன்: சரி, நின்னுகிட்டு என்ன பண்ணும்?

சவுரிமுத்து: ரெண்டு றெக்கையையும் ஒசர தூக்கும். வா, வான்ற மாதிரி ஆட்டும். அப்பால நிதானமா, பதறாம, தல மேல கொண்டாந்து இப்டிக் குறுக்க வைக்கும். வச்சுட்டு அப்டியே நிக்கும் பாருங்க...

ஜான்சி: கைய எறக்கு. கடைக்கு வந்தவங்கல்லாம் பாக்கறாங்க.

தயாளன்: நீர்க்காகம் றெக்கையை விரிச்சுக் காய வைக்கும். ஆனா குறுக்க வைக்காதே அண்ணா.

சவுரிமுத்து: நீர்க்காகம் இன்னா சார் பெரிய நீர்க்காகம். இது கிட்ட அது நிக்குமா? கொட்ற மழையில நிக்கும். மண்டைய பொளக்கற வெயில்ல நிக்கும். அந்தக் கூட்டத்துல இது ஒண்ணுதான் பொம்பள... பொட்ட. மீதி எல்லாம் ஆம்பளைங்க. ஆனா இது றெக்கைய தூக்கினாதான் அங்க ஒரு வேல நடக்கும்.

தயாளன்: நீங்க பேசறதப் பாத்தா நீங்களே அடை காத்துப் பொரிச்ச மாதிரி இருக்கு.

ஜான்சி: அவரு எங்க பொரிச்சாரு? வலி எடுத்தப்ப ஆஸ்பத்திரி வராண்டால மயங்கி வுழுந்த ஆளு...

சவுரிமுத்து: ஜான்சி.

ஜான்சி: ஒண்ணுமில்ல சார். நீங்க ஸ்டாண்டக் காட்டுங்க.

தயாளன்: ம்... இதப் பாருங்க. காலு தடிமன். தூக்க கொஞ்சம் கனம்தான், ஆனா அந்தக் கனம்தான் உங்களுக்கு வேணும். கிளிப்ப தெறந்தா காலு நீளும், அழுத்தினா கப்புனு புடிச்சுக்கும். தலையைத் திருப்பிப் பாருங்க.

சவுரிமுத்து: அட... வெண்ண மாதிரி திரும்புது. வுட்ட எடத்துல நிக்குது.

தயாளன்: அதான் வேணும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. இந்த நடுக் கம்பிய மேல தூக்காதீங்க. ஒசரம் வேணும்னா கால நீட்டுங்க. கம்பிய தூக்கினீங்கன்னா மறுபடியும் பழைய ஆட்டம்தான்.

சவுரிமுத்து: தூக்காட்டி கைப்பிடிச் செவுத்துக்கு மேல வருமா?

தயாளன்: ஏரிக்கரையில ஏது கைப்பிடிச் சுவரு?

ஜான்சி: போச்சு.

சவுரிமுத்து: எங்க மச்சான் வூட்டு மொட்டமாடி சார். அங்கேர்ந்துதான் தெரியும்.

தயாளன்: மச்சான் வீடு எங்க?

சவுரிமுத்து: பல்லாவரத்துல. மேட்டு மேல.

தயாளன்: பல்லாவரம் மேட்டுலேர்ந்து பாத்தா எந்த ஏரி... ஓ.

ஜான்சி: இன்னா சார் ஓ?

தயாளன்: ஒண்ணுமில்லக்கா. மாடின்னா காத்து அடிக்கும், அதச் சொல்ல வந்தேன். நடுவுல கீழ ஒரு கொக்கி இருக்கு பாருங்க. ஒரு பையில ரெண்டு செங்கல்லப் போட்டு அதுல மாட்டிடுங்க. அசையாது.

சவுரிமுத்து: தலைக்கு மேல ஏறிப் போனா மாடியே கிடுகிடுன்னும் சார். அப்பவும் தாங்குமா?

தயாளன்: தாங்கும். காலையிலயே பாத்துடுங்க. வெயில் ஏறிட்டா காங்கிரீட்டுலேர்ந்து அனல் கெளம்பும், அப்பறம் எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி நெளியும்.

ஜான்சி: காங்கிரீட்டுனு உங்களுக்கு யாரு சொன்னது?

தயாளன்: பொதுவா சொன்னேன்க்கா. சரி, ஒசரம் யாரு கண்ணுக்கு வைக்கறது? அண்ணன் பனமரம், நீங்க அவரு தோளுக்குக் கீழ.

சவுரிமுத்து: அவ கண்ணுக்கு வைங்க சார். நான் குனிஞ்சிக்கறேன்.

ஜான்சி: இடுப்பு புடிச்சுக்கும்யா. ஆளுக்குக் கொஞ்சமா நடுவுல வைக்கலாம்.

சவுரிமுத்து: நடுவுல வச்சா நீ எக்கினு நிக்கணும். எக்கினா கண்ணு ஆடும். போன தடவயும் நான்தான் ஓரளவுக்குப் பாத்தேன். நீ கோடுதான் பாத்தே. நாளைக்கு நீ பாரு.

ஜான்சி: ...சரி.

தயாளன்: இங்க வந்து நில்லுங்கக்கா. கழுத்த வளைக்காம நிக்க முடியுதா?

ஜான்சி: முடியுது. எதிர்க்க பேங்க்கு போர்டு தெரியுது. அந்த வாச்மேன் கொட்டாவி வுடறாரு... சார், அவரு மீசையில நர கூட தெரியுது. ஆடவே இல்ல.

சவுரிமுத்து: நெசமாவா? ஜான்சி, ஏன் அழுவற?

ஜான்சி: யாரு அழுவறா? தூசு. பில்லு போடுங்க சார்.

தயாளன்: போடறேன். அண்ணா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச எந்தப் பறவையும் வெள்ளிப் பட்டை வச்ச சட்டை போடாது.

சவுரிமுத்து: தப்பா எடுத்துக்காதீங்க சார். காலைல வேற ஒரு கடையில ஏர்போர்ட்ட பாக்கறதுக்குன்னு வாயத் தெறந்தேன். நீ யாரு, எதுக்கு, ஆதார் கார்டு கீதான்னு அந்தாளு மெரண்டுட்டான். பொய்க்கு வேற ஒண்ணும் தோணல. நீங்களே பறவைன்னு எடுத்துக் குடுத்தீங்க, புடிச்சிக்கினேன்.

தயாளன்: பொய்ய வுடுங்க. உள்ள நிக்கறது யாரு?

ஜான்சி: எங்க பொண்ணு சார், பிளஸ்ஸி. நாளான்னிக்கு மதுர ஏர்போர்ட்டுக்கு மாத்திப் போறா. எறங்கி வர்ற பிளேனுக்கு எதிர்க்க நின்னு, நேரா வா, மெதுவா வா, நில்லுன்னு கையாலயே சொல்ற வேல. பைலட்டு அவ கையத்தான் பாத்துகினு வருவாராம். எங்கள அந்த வேலிக்கு உள்ள வுட மாட்டாங்க. மாடியிலேர்ந்து பாக்கறோம்னு அவகிட்டயும் சொல்லல, சொன்னா கூச்சத்துல கை தடுமாறிடும். இந்த மனுசன் பம்மல்ல ஷேர் ஆட்டோ ஓட்டறாரு சார். போறவன் வர்றவன் எல்லாம் கையக் காட்டினா, காலம் பூரா நின்னு நின்னு போனவரு. அவரு பெத்த பொண்ணு கையக் காட்டினா பிளேனே நிக்குது.