வடிவேலுவுக்குச் சிவப்பு

— இன்னும் மாத்தலயே பவானி! வடிவேலு கூட்டத்துப் புள்ளிய மட்டும் சிவப்பாக்கச் சொன்னேன்ல?

— மாத்திட்டேண்ணே. மத்தவங்க எல்லாம் பச்சை, வடிவேலு மட்டும் சிவப்பு. நல்லாப் பாரு.

— ஆ… ஆமா லா. வெயில்லேருந்து வந்தேன், கண்ணு கூசுது.

— ஒரு லாரிக்கு ஒரு புள்ளி. வலது பக்கம் போகப் போக லேப்ல எடுத்த எண்ணெய் கூடுது. மேல போகப் போக, ஆலை வாசல்ல செம்பனைக் குலையப் பார்த்து நீயும் பெரியதம்பியும் மாறி மாறிப் போடுற பழ மார்க்கு கூடுது.

— எனக்கே பாடமா? வடிவேலு ஆளுங்க வெட்டுற குலையில பாதி காய். நாளைக்கு மேனேஜர் இந்தச் சிவப்பப் பார்த்தாப் போதும், அவன் கான்டிராக்ட் முடிஞ்சுது.

— அவன நம்பி நியாலாஸ் தோட்டத்துல எத்தன குடும்பம் இருக்கு! அவன் கூட்டத்துல வேலை பார்க்குற மலர்விழிக்கு இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு.

— பாவம் பார்த்தா அந்த வாசல்ல நிக்க முடியாதும்மா.

— சரி, அவன் புள்ளியெல்லாம் வலது பக்கமாத்தானே கிடக்கு? காயில ஏதுண்ணே இவ்வளவு எண்ணெய்?

— லேப்ல தூங்குறானுங்க லா. நீ கலர மட்டும் பாரு.

— இரு, இன்னொரு தடவ தட்டுறேன். ம், இப்பச் சொல்லு. சிவப்பு எங்க இருக்கு? விரல வச்சுக் காட்டு.

— இதோ கீழ. இது, இது, அந்த ஓரத்துல ரெண்டு. எல்லாம் உன் வடிவேலுதான். போதுமா?

— அண்ணே.

— என்ன, ஏன் அப்படிப் பார்க்கற?

— எல்லாத்தையும் பச்சையாக்கிட்டேன். இதுல சிவப்பே கிடையாது.

— மெதுவாப் பேசும்மா. அந்தக் கதவச் சாத்து.

— எப்பலேருந்துண்ணே?

— சின்னதுலேருந்தே. ரம்புத்தான் பறிக்கச் சொன்னா காயாப் பறிச்சிட்டு வருவேன், ஞாபகம் இல்ல? அம்மா சோம்பேறின்னு திட்டும்.

— அப்புறம் எப்படிண்ணே இத்தன வருஷமா பழம் பார்க்குற?

— உதிரிய வச்சுத்தான். குலையக் கொட்டும்போது பழம் உதிர்ந்து ஓடுனா பழுத்தது. ஓடலன்னா காய்.

— வடிவேலு ஆளுங்க மரத்தடியிலேயே உதிரியப் பொறுக்கி, சாக்குல தனியாக் கட்டிடுவாங்களே!

— அப்படியா? எப்பவுமா?

— எப்பவும்தான். மத்தவங்க அள்ளி அப்படியே லாரியில வீசுவாங்க. இவங்க சுத்தக்காரங்க.

— அடக் கடவுளே…

— இந்தப் படத்த அழிச்சிடுறேண்ணே. பிரிண்டர் ரிப்பேர்னு சொல்லிக்கலாம்.

— அழிச்சா? அடுத்த வாரமும் நான்தானே வாசல்ல நிப்பேன். பெரியதம்பி பார்த்த நாள்ல வடிவேலு லாரிக்கு என்ன மார்க்கு?

— எல்லாம் நல்ல மார்க்குதாண்ணே. கீழ கிடக்குறது பூரா நீ பார்த்தது.

— அப்ப வடிவேலு பேர எடு. யாரு பார்த்ததுன்னு பிரிச்சுப் போடு.

— வேணாம்ணே. மேனேஜர் பார்த்தா உன் வேலை…

— போடும்மா. பெரியதம்பி பச்சையாவே இருக்கட்டும். எனக்கு என்ன கலர்?

— கலர் லிஸ்ட்ல நாலாம் நம்பர் போட்டிருக்கேன். நீலம்.

— ம். இது எனக்கும் தெரியுது.