நான் எண்ணிய எழுத்துகள்

மேடையில் அமர்ந்திருக்கும் அலுவலகப் பெரியவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, உடன் உழைத்த தோழர்களே, வணக்கம்.

நம் தலைமை நிரலாளர், எதையும் நிதானமாகவே செய்வதால் நாம் எல்லோரும் 'மெதுவக்கா' என்று அழைத்த அம்மையார் மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. அவரைப் புகழ எனக்குத் தகுதி உண்டா? இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

வெள்ளத்தில் காணாமல் போனவர்களின் விவரங்களை ஒரே பெரிய கோப்பில் வைத்திருந்தோம். பெயர், உடுத்தியிருந்த உடை, தேடுகிறவரின் தொலைபேசி எண். புதுத் தகவல் வந்தால் கோப்பில் உரிய இடத்துக்குப் போய்த் திருத்தும் நிரலை எழுதியவன் நான். இடத்தை எப்படிக் கண்டேன்? எழுத்துகளை எண்ணினேன்.

அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, நம்ம கண்ணுக்கு 'கி' ஒரு எழுத்து. கோப்புக்குள்ள அது ஆறு பைட், அதாவது ஆறு இடம். இங்கிலீஷ் எழுத்துன்னா ஒண்ணுதான். உன் கணக்கு வேற, கோப்போட கணக்கு வேற. படிக்கும்போதே எங்க நிக்கிறோம்னு கோப்பையே கேளு. அது சொல்ற எண்ணை அப்படியே வெச்சிருந்து திருப்பிக் கொடு. கூட்டாதே, கழிக்காதே."

"சோதிச்சுப் பார்த்துட்டேன்க்கா, சரியா வருது" என்றேன். நான் சோதித்தது ஓர் ஆங்கிலப் பட்டியலை.

மறுநாள் நிரல் ஓடியது. ஒருவரின் தொலைபேசி எண் இன்னொருவரின் பெயருக்கு நடுவில் போய் விழுந்தது. எழுத்துகள் பாதியில் அறுந்து கேள்விக்குறிகளாயின. நாங்கள் கவனிப்பதற்குள் நான்கு நாள் போய்விட்டது. தினமும் இரவில் புதுப்பிக்கப்படும் காப்புப் பிரதியிலும் அதே சிதைவு. இரண்டாயிரத்து நூறு பேர். தண்ணீர் ஒரு முறை கொண்டுபோனவர்களை நான் இன்னொரு முறை தொலைத்தேன்.

அக்கா என்னைத் திட்டினாரா? ஒரு சொல் இல்லை. பதினான்கு மாதம், மிஞ்சிய பைட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பெயர்களை மீட்டார். மீளாதவற்றுக்கு வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்தார். "எத்தனை தடவைம்மா நான் என் புள்ளையப் பத்திச் சொல்றது?" என்று ஒரு தாய் அழுதபோது, "தப்பு என்னோடதும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுங்க" என்றார். தப்பு அவருடையதா? பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

அவர் மேசையிலேயே சாய்ந்த அந்த மதியமும் தொலைபேசி இணைப்பில்தான் இருந்தது. அந்தப் பக்கம் ஒருவர், தன் தங்கையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்நூற்று நாற்பது பேர் மிச்சம். அவர்களைத் தேடியவர்களின் எண்களும் அழிந்துவிட்டன. இந்தப் பணியைத் தொடர்வேன் என்று உங்கள் முன் உறுதி சொல்கிறேன். எண் இல்லாத வீட்டை எப்படி அழைப்பது? எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை அவர் இடத்தில் உட்காருவேன். அவர்களில் யாராவது தாங்களாகவே அழைத்தால், தப்பு யாருடையது என்று முதலில் சொல்லிவிட்டு, பெயரைக் கேட்பேன்.