என் விக்கலுக்குச் சுலோஜனா காரணமல்ல

அவைக்குத் தலைமை தாங்கும், நாடி பிடித்தே நம் நடத்தையையும் அறிந்துவிடும் வைத்தியர் தக்ஷாயினி அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி வீற்றிருக்கும் பெரியோர்களே! மூலிகைக் கண்காட்சிக்கு வந்து, மூலையில் வைத்த இலைக்கஞ்சியை முதலில் கண்டுபிடித்த தாய்மார்களே! காத்தான்குடியிலிருந்து ஒலிபெருக்கியோடு வந்திருக்கும் நண்பர் ஹில்மி அவர்களே! மூன்றாம் வரிசையில் என்னைப் பாராமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய கோணாமலை ஐயா அவர்களே! அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகள் வதனி அவர்களே! அனைவருக்கும் இந்த நிதுர்ஷனின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘ஹனிசக்கிள் கொடியின் மருத்துவக் குணமும் பாதுகாப்பான பயன்பாடும்’. இதைப் பேச என்னைவிடத் தகுதியானவர் இந்த வாவிக்கரையில் உண்டா? படித்தவர் உண்டு, பட்டம் பெற்றவர் உண்டு. பட்டுத் தெளிந்தவன் நான் ஒருவன்தான்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பங்குனி மாதம் என் வீட்டில் நடந்த பேச்சுக்காலில், அதுதான் கலியாணப் பேச்சில், ஒருவரும் சிரிக்கவில்லை.

திருவிழாக்களில் அறிவிப்புச் செய்து பிழைப்பவன் நான். குரல்தான் என் சொத்து. கோணாமலை ஐயா என்னை மாப்பிள்ளை கேட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, பலகாரப் பெட்டிகளோடு வருகிறார் என்றதும் அந்தக் குரல் கட்டிக்கொண்டது. கைப்பேசியைத் தட்டினேன். ‘ஹனிசக்கிள் பூ தொண்டைக்கு நல்லது, சீனத்தில் கஷாயம் வைப்பார்கள்’ என்றது. அடுத்த வளவுச் சுலோஜனா அக்காவின் வேலியில் ஒரு கொடி. மாலையில் வெள்ளையாய் மலர்ந்து, மறுநாள் வெட்கத்தில் சிவந்து, அதற்கடுத்த நாள் கோபத்தில் செக்கச் சிவக்கும் பூ. பாசிக்குடா ஹோட்டல் தோட்டக்காரர் அதற்குச் சொன்ன பெயர், சைனா ஹனிசக்கிள்!

அன்று பார்த்துப் பூ இல்லை, காய்தான் இருந்தது. பூவே இவ்வளவு நல்லதென்றால் காய் எவ்வளவு நல்லது? உடைத்தேன். உள்ளே பருப்பு, தேங்காய்ச் சொட்டின் ருசி. ஒன்றோடு நிறுத்தினேனா? இரண்டோடு நிறுத்தினேனா? பத்து! மேலே சுடச்சுட ஒரு பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி.

ஐயா படியேறினார். “வாங்க மாமா” என்று வாயைத் திறந்தேன். “வாங்... விக்!”

தண்ணீர் குடித்தேன், விக். மூச்சடக்கினேன், விக். கூட வந்திருந்த வதனியின் மாமி சொன்னார்: “ஆரோ நினைக்கிறாங்க மனே. சரியான பேரைச் சொன்னா நிண்டுடும்.” அம்மா? விக். அக்கா? விக். வதனி? பெரிய விக்! பிறகு மாமியின் கண் வேலிக்குப் போனது. “அங்கால வளவுல ஆருகா?” என்றார். என்னைப் பெற்ற தாய் வெள்ளை மனதோடு சொன்னார்: “அது நம்மட சுலோஜனா.”

நின்றது விக்கல்! எழுந்தார் ஐயா! பெட்டிகளைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனார்கள். சுலோஜனா அக்காவின் கணவர் செய்தி கேட்டுக் கட்டாரிலிருந்து அடுத்த விமானத்தில் வந்து இறங்கினார். அதோ, பின்னால் கை கட்டி நிற்கிறார். வணக்கம் அண்ணா!

அன்று பின்னேரம் தலை சுற்றி, வாந்தியெடுத்து, நம் வைத்தியரிடம் ஓடினேன். “தம்பி, நீங்க திண்டது ஹனிசக்கிளே இல்ல, ரங்கூன் மல்லி. அந்த விதை புழுவுக்கு மருந்து. அதையும் அளவறிஞ்சு வைத்தியர்தான் குடுக்கோணும். கூடினா, சுடுதேத்தண்ணியோட திண்டா, விக்கல் வரும்” என்றார். உண்மை ஹனிசக்கிளிலும் மருந்தாவது பூ. அதன் பழம் பல வகைகளில் வயிற்றைக் கலக்கும்.

ஆகவே என் அன்பு மக்களே! கைப்பேசி காட்டியதெல்லாம் மருந்தா? வேலியில் படர்ந்ததெல்லாம் வைத்தியமா? கொடியைத் தெரிந்தவரிடம் காட்டாமல் கிள்ளாதீர்கள்! பூவுக்குச் சொன்னதைக் காய்க்குச் செய்யாதீர்கள்! பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கேட்காமல் கொடுக்காதீர்கள்! ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதீர்கள்! பச்சையாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதீர்கள்! என் கலியாணமே ஒரு காயில் கலைந்தது!

யாரது கை உயர்த்துவது? வதனியா? ஹில்மி, அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள். என்ன கேட்கிறார்... “விதையாலதான் விக்கல் வந்த எண்டா, சுலோஜனா அக்காட பேரைச் சொன்ன உடனே ஏன் நிண்ட?” என்கிறார்.

நல்ல கேள்வி. நான்கு மாதமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் மேடை தேடினேன். இதற்கு மேடைத்தமிழ் வேண்டாம்.

வதனி, அந்தப் பேரைக் கேட்டதும் உங்கட முகம் மாறினத நான் பார்த்தன். இனி இவ என்னைப் பார்க்கவே மாட்டா எண்டு பயந்து போனன். அந்தப் பயத்திலதான் விக்கல் நிண்ட. வேற ஒண்டுமில்ல.

...ஹில்மி, மைக் வேலை செய்கிறதா?

ஆ, கோணாமலை ஐயா எழுந்துவிட்டார். மின்விசிறியை விட்டு என்னைப் பார்க்கிறார். என்ன சொல்கிறார்? “வெள்ளிக்கிழமை பெட்டியோட வாறம். தேத்தண்ணி வேணாம், பச்சைத் தண்ணி போதும்.”

ஓம் மாமா! தலைவிக்கும் தாய்மார்க்கும், கட்டார் அண்ணாவுக்கும் என் நன்றி. விக்கல் ஏதுமின்றி விடைபெறுகிறேன், வணக்கம்!