வேலாயி இறங்காத மரம்

கொல்லிமலையில் துரை தோட்டத்து அந்திக் கூலிக்காக வரிசையில் நின்றிருந்தேன். மரமேறி மிளகு பறிக்கும் ஆணுக்கு இரண்டு படி கேழ்வரகு, கீழே பொறுக்கும் பெண்ணுக்கு ஒரு படி. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“வேலாயிக்கு ரெண்டு படி அளந்து மரத்தடியில வெக்கறாங்களாமே?” என்றாள் மூத்தவள்.

“ஆமாங்கக்கா. மரமேறிப் பறிச்சவளுக்கும் ஒரு படிதான்னாங்க. ‘சமமாக் குடுக்கற வரைக்கும் மேலயே ஓய்வா இருக்கறேன்’னு ஏறுனவ எறங்கவே இல்ல. ஆளும் கண்ணுக்குத் தெரியல. மொளகு மட்டும் தெனமும் பறிச்சுப் போட்டாப்புல கீழ கெடக்குது.”

“அதான் குடுத்தாச்சே. எறங்கி வரச் சொல்றதுதான?”

“கூப்புட்டனுங்கக்கா. ‘இங்க சொகமா இருக்குது, நீயும் வா’ன்னு சத்தம் மட்டும் வந்துச்சு.”

மறுநாள் வரிசையில் இளையவளைக் காணவில்லை. மரத்தடியில் நாலு படி அளந்து வைத்தார்கள்.