வேற கம்பெனி மாத்திரை

திருவொற்றியூரில் மருந்துக் கடை வைத்தால் இருமல் மருந்துக்கு மட்டும் பஞ்சம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐயா. மணலி ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தெருவே இருமும். என் வீட்டுக்காரர் வெள்ளத்துரை காலமான பிறகு இருபது வருஷமாக அந்தக் கடையை நடத்துகிறேன். தங்கபுஷ்பம் அக்கா எடுத்துக் கொடுத்தால் சரியாக இருக்கும் என்பார்கள்.

என் மகன் எபினேசருக்குத் தூத்துக்குடியில் பெண் எடுத்தேன். பெனிஷா தங்கமான பெண். சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டிருக்கிறது, மாத்திரை போட்டால் போதும் என்று அவள் வீட்டார் சொன்னார்கள். சரி என்றேன். பிள்ளை வேண்டாம் என்று இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்திருந்ததை மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவள்தான் சொன்னாள். "ஊரு ஆயிரம் கேக்கும் அத்தை. நீங்க எங்க பக்கம் நின்னா போதும்."

பெற்றவளை முட்டாளாக்கிவிட்டு இரண்டு வருஷம் என் கையால் எப்படிச் சாப்பிட்டான் என் மகன்? அது இன்னும் ஆறவில்லை.

கடைக்கு எதிரே மீன் விற்கிற நீலா தினமும் கேட்பாள்: "இன்னாக்கா, மருமவளுக்கு விசேஷம் ஒண்ணியும் காணோமே?" சபையில் ஞாயிறுதோறும் போதகர் ஜெபக் குறிப்பு வாசிப்பார். குழந்தை பாக்கியத்துக்காக என்று அவர்கள் பெயர் வரும்போதெல்லாம் பெனிஷா தலையைக் குனிந்துகொள்வாள். யார் எழுதிப் போடுகிறார்கள் என்று ஒருநாள் அழுதாள். சபை மாதர் சங்கத்துப் பெண்களாக இருக்கும் என்று தேற்றினேன். எழுதியது நான்தான். ஜெபம் கேட்பது குற்றமில்லையே.

கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் கிளம்ப வேண்டும். அதனால், பிள்ளை வேண்டாமென்று என்னிடம் சொன்ன பிறகு, வாரத்து மாத்திரைகளை ஏழு அறை டப்பாவில் நான்தான் எடுத்து வைப்பேன். இதயத்துக்கு மூன்று, கருத்தடைக்கு ஒன்று. இதய மாத்திரையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரையின் இடத்தில் ஜனவரியிலிருந்து ஃபோலிக் ஆசிட் வைத்தேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கிற சத்து மாத்திரைதான். நிறம் மாறியிருக்கிறதே என்று கேட்டாள்.

"வேற கம்பெனிம்மா, மருந்து ஒண்ணுதான்" என்றேன். கடையில் தினம் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தை. அவளும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

நாள் தள்ளியதும் என்னிடம்தான் கேட்டாள். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் தள்ளும் என்றேன். டாக்டரிடம் போனபோது ஐந்து மாதம் முடிந்திருந்தது. கலைத்தாலும் ஆபத்து, சுமந்தாலும் ஆபத்து என்றார். எபினேசர் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஜெபக் குறிப்புக்குப் பதில் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் குறிப்பு எழுதிப் போட்டேன்.

ஏழாம் மாதம் அவளுக்கு மூச்சு முட்டியது. கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள்கூட மாத்திரைய விடலையே அத்தை, பெறகு எப்பிடி?" என்று கேட்டாள். கர்த்தருடைய சித்தம்மா என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை.

கடை மேசையில் அவளுடைய கருத்தடை அட்டைகள் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் என் மகன் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தான். தூக்கிப் போட்டிருக்கலாம். பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குத் தேவைப்படுமே என்று எடுத்து வைத்திருந்தேன். கொல்ல நினைத்தவள் அப்படிச் செய்வாளா? பெற்ற மகனே காட்டிக்கொடுத்துவிட்டான். பேத்தியையும் என் கண்ணில் காட்டவில்லை.

உயிருக்கு ஆபத்து என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கர்ப்பம் கூடாது என்று டாக்டர் சீட்டிலேயே எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். மாதாமாதம் அதைப் பார்த்துத்தானே மருந்து எடுத்தேன். டாக்டர்கள் நூறு சொல்வார்கள். மாத்திரையை மாற்றியது மட்டும்தான் நான், ஐயா. மற்றதெல்லாம் கர்த்தர் செய்தது.